ஓர் எழுத்தைத் திருத்தி அனுப்பப் போகிறவர்களுக்கு

அன்புள்ள மாணவ நண்பர்களுக்கு,

கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்றுக்கு முதல் பேட்ச் அனுப்பிவிட வேண்டும் என்று துடிக்கிறீர்கள். பக் எதையும் சரிசெய்யும் அளவுக்கு அந்தக் கோட் இன்னும் பிடிபடவில்லை. ஆனால் ஏதோ ஒரு ஃபைலைத் திறந்ததும், கமெண்ட்டில் 'ரிசீவ்' என்ற சொல்லில் இ-யும் ஐ-யும் இடம் மாறிக் கிடப்பது கண்ணில் படுகிறது. இதைத் திருத்தி அனுப்பினால் சேர்த்துக்கொள்வார்களா, சிரிப்பார்களா? சீனியர்களைக் கேட்டிருப்பீர்கள். "அதெல்லாம் ஒரு கான்ட்ரிபியூஷனா?" என்று சிலர் உதட்டைப் பிதுக்கியிருப்பார்கள். "எதையாவது அனுப்பு, ப்ரொஃபைலில் பச்சைக் கட்டம் விழுந்தால் சரி, பிளேஸ்மெண்ட்டுக்கு ஆகும்" என்று வேறு சிலர் தட்டிக்கொடுத்திருப்பார்கள். பேட்ச்சுகளை வாங்கிப் பார்க்கும் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். இரண்டு பேர் பேச்சையும் கேட்காதீர்கள்.

அனுப்புங்கள். அந்த ஃபைலைப் படித்துவிட்டு அனுப்புங்கள். நான் கேட்பது அவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்று சொல்லத்தான் இந்த மடல் இவ்வளவு நீள்கிறது.

கோடுக்குள்ளேயே இருந்தாலும் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத பகுதி கமெண்ட். ஒரு செமிகோலன் விட்டுப்போனால் கம்பைலர் அந்த நிமிடமே கத்தும். லாஜிக் தப்பினால் டெஸ்ட் விழும். டெஸ்ட்டுக்கும் தப்பினால் பயன்படுத்துகிறவர் திட்டி மெயில் போடுவார். கமெண்ட்டில் பிழை இருந்தால் ஒன்றுமே நடக்காது. பத்து வருடம் ஆனாலும் அங்கேயே கிடக்கும். அதற்குள் எத்தனையோ பேர் அந்த ஃபைலைத் தொட்டிருப்பார்கள். ஆளாளுக்கு வேண்டிய நாலு வரியை மாற்றிக்கொண்டு போயிருப்பார்கள். பழைய கமெண்ட் ஒன்றில் எழுத்துப்பிழையைக் கண்டுபிடிக்கிறவர் பல சமயம் அதைச் சொல் சொல்லாகப் படித்த முதல் வெளியாள். எழுத்து சரியானதில் எங்களுக்குப் பெரிய லாபம் இல்லை. ஒருவர் உட்கார்ந்து படித்திருக்கிறார் என்பதுதான் லாபம்.

உதட்டைப் பிதுக்கும் சீனியர்களிடம் டொனால்ட் குனூத்தைப் பற்றிச் சொல்லுங்கள். தம்முடைய 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' நூல்களில் ஒரு பிழையை முதலில் காட்டுகிறவருக்கு 2.56 டாலர் தருவதாக அறிவித்தவர் அவர். 256 சென்ட் என்பது பதினாறடிமான எண்முறையில் ஒரு முழு டாலர் என்பது அவருடைய கேலிக் கணக்கு. கணிதப் பிழையோ, வரலாற்றுப் பிழையோ, வெறும் அச்சுப்பிழையோ, தொகை ஒன்றுதான். அவர் அனுப்பிய காசோலையைப் பணமாக்காமல் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டவர்களே அதிகம்.

சரி, திட்டத்துக்கு என்ன பயன்? லினக்ஸ் கெர்னலில், பேட்ச் அனுப்பும் முறையை விளக்கும் ஆவணத்தில், 'ட்ரிவியல்' பேட்ச்சுகளைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஒரு பகுதி இருந்தது. அவற்றுக்கென்று தனி மெயில் முகவரி, தனிப் பொறுப்பாளர். எவற்றை அந்த வகையில் ஏற்கலாம் என்ற பட்டியலின் தொடக்கத்தில் இரண்டு வரிகள்: ஆவணங்களில் உள்ள எழுத்துப்பிழைகளின் திருத்தம், க்ரெப் தேடல் கட்டளையைக் குழப்பக்கூடிய எழுத்துப்பிழைகளின் திருத்தம். இரண்டாவதை எழுதியவர் அனுபவசாலி. கெர்னல் 3 கோடி வரிகளைத் தாண்டிய கோட். அதை யாரும் முதலிலிருந்து கடைசிவரை படிப்பதில்லை, தேடுகிறோம். நள்ளிரவில் ஒரு பக் ரிப்போர்ட் வந்தால் 'ஓவர்ஃப்ளோ' என்றோ 'டைம்அவுட்' என்றோ அடித்து, எந்த ஃபைல் வருகிறது என்று பார்க்கிறோம். சரியான இடத்தில் சரியான எச்சரிக்கையை ஒருவர் 2007இல் எழுதி வைத்திருக்கலாம். அதில் ஓர் எழுத்து பிசகியிருந்தால் தேடுகிறவருக்கு அந்த எச்சரிக்கை இல்லாததற்குச் சமம். கமெண்ட்டில் எழுத்துச் சுத்தம் கேட்பது அழகுக்காக மட்டும் இல்லை.

கமெண்ட்டைக் கம்பைலர் படிப்பதில்லை என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதுவும் முழு உண்மை இல்லை. சி மொழியில் ஸ்விட்ச் எழுதும்போது, ஒரு கேஸ் முடிந்து பிரேக் போடாமல் அடுத்த கேஸுக்குள் இறங்குவது சில நேரம் வேண்டுமென்றே நடக்கும், சில நேரம் மறதியில் நடக்கும். 2017இல் வந்த ஜிசிசி 7 பதிப்பிலிருந்து இதற்கு எச்சரிக்கை கேட்டு வாங்கலாம். அந்த இடத்தில் 'ஃபால் த்ரூ' என்று ஒரு கமெண்ட் இருந்தால், தெரிந்துதான் செய்திருக்கிறார்கள் என்று ஜிசிசி வாயை மூடிக்கொள்ளும். அதில் எழுத்துப்பிழை இருந்தால் மூடிக்கொள்ளாது. கமெண்ட்டின் எழுத்தை நம்பியிருப்பது சரிவராது என்று கெர்னல்காரர்கள் பிறகு அதையே ஒரு மேக்ரோவாக்கிவிட்டார்கள். கோ மொழியில் பில்டு நிபந்தனைகள் கமெண்ட் வேடத்தில்தான் வருகின்றன. இரண்டு சாய்கோட்டுக்கு அடுத்து ஓர் இடைவெளி விட்டால் கட்டளை வெறும் கமெண்ட்டாகிவிடும். பைத்தான் ஃபைலின் முதல் இரண்டு வரிகளில் எழுத்துக் குறியாக்கத்தை அறிவிப்பதும் கமெண்ட்தான். போதாக்குறைக்கு, சி மொழியில் இரட்டைச் சாய்கோட்டுக் கமெண்ட் ஒன்றின் கடைசியில் தவறி ஒரு பின்சாய்கோடு விழுந்தால் அடுத்த வரிக் கோடும் கமெண்ட்டுக்குள் போய்விடும். கமெண்ட்தானே என்று கண்ணை மூடிக்கொண்டு கை வைக்காதீர்கள். திருத்திய பிறகு ஒரு தடவை கம்பைல் செய்து பாருங்கள். ஒரே எழுத்தை மாற்றியவர் கம்பைல் செய்து பார்த்தேன் என்று எழுதியிருந்தால், அவர் மேல் எனக்கு உடனே ஒரு மரியாதை வரும்.

இனி, கை வைக்கக் கூடாத இடங்கள்.

வெளியாட்கள் நம்பியிருக்கும் பெயர்கள் முதலாவது. யூனிக்ஸில் ஃபைலை உருவாக்கும் சிஸ்டம் கால் கடைசி இ இல்லாமல் 'க்ரியட்' என்று நிற்கிறது. மறுபடி எழுத வாய்த்தால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டதற்கு, அந்த இ-யைச் சேர்ப்பேன் என்றாராம் கென் தாம்ப்சன். இணையத்தில் நீங்கள் ஒவ்வொரு லிங்க்கைத் தொடும்போதும், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்று பிரவுசர் சர்வருக்குச் சொல்லும் 'ரெஃபரர்' ஹெட்டரில் ஓர் ஆர் குறைவு. 1996 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 1945 ஆவணத்தில் அந்தப் பிழை அப்படியே ஏறியது. 1999இல் வந்த பிந்தைய பதிப்பு, இது எழுத்துப்பிழை என்று ஒப்புக்கொண்டுவிட்டு, அப்படியே வைத்துக்கொண்டது. மாற்றியிருந்தால் உலகத்தின் பாதி சர்வர்கள் திணறியிருக்கும். பின்னால் வந்த 'ரெஃபரர் பாலிசி' ஹெட்டரில் எழுத்து சரியாக இருக்கிறது. ஆகவே இன்றைக்குத் தப்பும் சரியும் அக்கம்பக்கத்தில் குடியிருக்கின்றன. கமெண்ட்டில் இப்படி ஒரு பெயர் வந்தால் அதைத் திருத்திவிடாதீர்கள். கோடில் இருக்கும் பெயர் என்னவோ அதைத்தான் கமெண்ட்டும் சொல்ல வேண்டும். ஜாவா உலகத்தில் 'கிளாஸ்' என்பதைக் கே போட்டு எழுதியிருந்தால் அதுவும் பிழை இல்லை. சி போட்டு எழுதும் சொல்லை மொழி தனக்கென்று எடுத்துக்கொண்டுவிட்டதால் செய்த ஏற்பாடு.

இரண்டாவது இடம் எனக்குப் பிடித்தமானது. 1969இல் நிலவுக்குப் போன அப்போலோ 11இன் வழிகாட்டிக் கணினிக்கான கோட் அச்சிட்ட தாள்களாக எஞ்சியது. கட்டளைக் கலத்துக்கு காமான்ச்சி 055, நிலவில் இறங்கிய கலத்துக்கு லூமினரி 099. வர்ச்சுவல் ஏஜிசி என்ற ஆர்வலர் திட்டமும் எம்ஐடி அருங்காட்சியகமும் அந்தத் தாள்களை ஸ்கேன் செய்து எழுத்தாக்கின. 2016இல் கிட்ஹப்பில் அது பெரும் கூட்டத்தின் கண்ணில் பட்டது. திருத்தங்கள் குவியத் தொடங்கின. அங்கே இருக்கும் விதி நேர் எதிரானது. ஸ்கேனிலிருந்து தட்டச்சு செய்தவர் விட்ட பிழையைத் திருத்தலாம். மூல புரோகிராமர் தாளிலேயே விட்ட பிழையைத் திருத்தக் கூடாது. தட்டச்சு செய்தவர் தெரியாமல் அதைச் சரியாக அடித்திருந்தால், தேடிப்பிடித்து மறுபடி தப்பாக்க வேண்டும். ஏட்டிலிருந்து பதிப்பிக்கிறவர், ஏட்டில் இருப்பது இது, நான் கருதும் பாடம் இது என்று பிரித்துக் காட்டும் ஒழுங்குதான் இங்கேயும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் எந்தப் பக்கத்து ஸ்கேனைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். பொழுதுபோகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ரெபோவுக்குப் போய்ப் பாருங்கள். எழுத்துப்பிழை திருத்துவதற்கு எவ்வளவு படிக்க வேண்டியிருக்கிறது என்பது விளங்கும்.

கருவிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் யாராவது உங்களுக்குக் காட்டிக்கொடுப்பார்கள். கோட்ஸ்பெல் என்று ஒன்று. சாதாரண ஸ்பெல் செக்கர் அகராதியில் இல்லாததையெல்லாம் பிழை என்று சொல்லும். கோடில் பாதிச் சொற்கள் எந்த அகராதியிலும் கிடையாது என்பதால் அது இங்கே உதவாது. கோட்ஸ்பெல் தலைகீழாக வேலை செய்கிறது: மனிதர்கள் வழக்கமாக விடும் பிழைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு அவற்றை மட்டும் தேடுகிறது. 2011 மார்ச்சில் லூகாஸ் டி மார்ச்சி என்பவர் அதைக் கெர்னல் முழுக்க ஓட்டி, கிடைத்ததைக் கண்ணால் சரிபார்த்து அனுப்பிய ஒற்றைப் பேட்ச் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஃபைல்களைத் தொட்டது. கெர்னலிலேயே இப்போது அப்படியொரு பட்டியல் இருக்கிறது. டெபியனின் லின்டியன் கருவியிலிருந்து எடுத்து, தப்பாகப் பிடித்தவற்றைக் கழித்து, கண்டுபிடித்தவற்றைச் சேர்த்து வளர்த்தது. 2014 முதல் செக்பேட்ச் ஸ்க்ரிப்ட் அதை வைத்துப் புதுப் பேட்ச்சுகளில் உள்ள பிழைகளை வாசலிலேயே பிடிக்கிறது.

அதாவது, கருவியை ஓட்ட எங்களுக்கும் தெரியும். இரண்டு நிமிட வேலை. அது கக்கும் நூறு திருத்தங்களை அப்படியே மூட்டை கட்டி அனுப்பினால் நீங்கள் எங்களுக்குத் தருவது அந்த இரண்டு நிமிடத்தை. நாங்கள் செலவழிப்பது ஒரு மாலைப் பொழுதை. கருவியால் முடியாதது வேறு இருக்கிறது. 'நாட்', 'நவ்' இரண்டுக்கும் ஆங்கிலத்தில் கடைசி எழுத்துதான் வித்தியாசம். 'லாக் பிடிக்காமல் இதைக் கூப்பிடுவது பாதுகாப்பில்லை' என்று எழுத வந்தவர், விரல் பிசகி 'இப்போது பாதுகாப்பு' என்று எழுதிவிட்டுப் போகலாம். இரண்டும் அகராதிச் சொற்கள். எந்தக் கருவியும் மூச்சுக்கூட விடாது. கோடைப் படித்து, லாக் எங்கே எடுக்கப்படுகிறது என்று பார்த்தவருக்கு மட்டும்தான் உறைக்கும். அப்படி ஒன்றை அனுப்பினால், அது ட்ரிவியல் என்று சொல்ல எவருக்கும் வாய் வராது.

எங்கள் பக்கத்துச் செலவையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் அது ஒரு கமிட். பிறகு ஒருவர் 'கிட் பிளேம்' ஓட்டி இந்த வரி ஏன் இப்படி இருக்கிறது என்று தேடினால், உண்மையான காரணம் எழுதிய கமிட்டுக்கு மேல் உங்கள் கமிட் உட்கார்ந்திருக்கும். 2019இல் வந்த கிட் 2.23 பதிப்பிலிருந்து, இன்ன கமிட்டுகளைக் கண்டுகொள்ளாதே என்று பட்டியல் கொடுக்க வழி உண்டு. ஆனால் அந்தப் பட்டியலையும் யாரோ பராமரிக்க வேண்டும். வேறு ஐந்து பேர் அதே ஃபைலில் வேலை செய்துகொண்டிருந்தால் அவர்களுக்கு மெர்ஜ் தகராறு. கெர்னலின் ஸ்டேபிள் பதிப்புகளுக்கான விதிகளில் எழுத்துப்பிழை, இடைவெளித் திருத்தம் போன்றவை வேண்டாம் என்றே எழுதியிருக்கிறது. அங்கே அனுப்பிவிட்டு மனம் நோகாதீர்கள். கமெண்ட்டை மட்டும் மாற்றுவதால் ஆபத்தில்லை என்று கண்ணை மூடி மெர்ஜ் செய்யவும் முடியாது. 2021 நவம்பரில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த நிக்கலஸ் பௌச்சரும் ராஸ் ஆண்டர்சனும் 'ட்ரோஜன் சோர்ஸ்' என்ற தாக்குதலை வெளியிட்டார்கள். அரபி, எபிரேய எழுத்துகளுக்காக யூனிகோடில் உள்ள திசைக் குறிகளைக் கமெண்ட்டுக்குள் ஒளித்து வைத்து, படிக்கிறவர் கண்ணுக்கு ஒன்றும் கம்பைலருக்கு வேறொன்றுமாகக் கோடைக் காட்டலாம் என்று நிரூபித்தார்கள். அன்றிலிருந்து ஓர் எழுத்துப் பேட்ச்சையும் முழுதாகத்தான் பார்க்கிறோம்.

இந்தச் செலவு தெரியாமல் நடந்த கூத்துகளில் நம் நாட்டுப் பெயரும் அடிபட்டிருக்கிறது, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் 2014 முதல் நடத்திவரும் ஹேக்டோபர்ஃபெஸ்ட்டில், அக்டோபர் மாதத்தில் நாலு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டிஷர்ட் என்று இருந்தது. 2020இல் அது வெள்ளமாக உடைத்துக்கொண்டது. ரீட்மீ ஃபைலின் தலைப்புக்குப் பக்கத்தில் 'அருமையான ப்ராஜெக்ட்' என்று ஒட்டி அனுப்பினார்கள். இருந்த சரியான சொல்லை மாற்றிப் பிழையாக்கியும் அனுப்பினார்கள். மாதம் தொடங்கிய மூன்றாம் நாளே, விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டும் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் ஜேஎஸ் திட்டத்தின் ரெபோவில், இந்தியாவில் வெளியான ஒரு பாடக் காணொளியைப் பார்த்த மாணவர்கள் ரீட்மீயில் தங்கள் பெயரைச் சேர்த்து வரிசையாகப் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வரும் நல்ல மாணவரின் பேட்ச்சையும் சந்தேகத்தோடு திறக்கும் பழக்கம் பலருக்கு வந்துவிட்டது.

பொறுமையாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். கெர்னல் வரலாற்றைப் புரட்டினால் எழுத்துப்பிழைத் திருத்தம் என்ற தலைப்பில் காலின் இயன் கிங் என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும். இதற்கென்றே கெர்னல்ஸ்கேன் என்று ஒரு கருவி எழுதியவர். அதே மனிதர்தான் ஸ்டாட்டிக் அனாலிசிஸ் மூலம் மெமரி கசிவு, தப்பான நிபந்தனை என்று நிஜமான பக்குகளையும் ஏராளமாகப் பிடித்தவர். நுணுக்கமாகப் பார்க்கும் கண்ணுக்கு இரண்டும் ஒரே வேலை. லிப்ரேஆபீஸ் கதை இன்னும் சுவையானது. அதன் பூர்வீகம் ஸ்டார்ஆபீஸ், ஜெர்மனியில் எழுதப்பட்டது. ஆகவே கமெண்ட்டுகள் ஜெர்மனில். 2010இல் லிப்ரேஆபீஸ் தனியாகப் பிரிந்தபோது, புதிதாக வருகிறவர்களுக்கான 'ஈஸி ஹேக்' பட்டியலில் ஜெர்மன் கமெண்ட்டுகளை ஆங்கிலமாக்கும் வேலையைச் சேர்த்தார்கள். எது ஜெர்மன் என்று மோப்பம் பிடிக்க ஒரு ஸ்க்ரிப்ட்டும் எழுதி வைத்தார்கள். கமெண்ட்டை மொழிபெயர்க்க வேண்டுமானால் கோட் என்ன செய்கிறது என்று புரிந்தாக வேண்டும். கோடுக்குள் ஆளைக் கூட்டிவர இதைவிடச் சாமர்த்தியமான வழியை நான் பார்த்ததில்லை.

உங்களில் தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு ஒரு தயக்கம் இருக்கும்: ஆங்கிலத்தைத் திருத்த நான் யார்? தயங்காதீர்கள். அந்தக் கமெண்ட்டை எழுதியவரும் பல நேரம் கொரியாவிலோ பிரேசிலிலோ உட்கார்ந்து பள்ளிக்கூட ஆங்கிலத்தில் எழுதியவர்தான். எதிர்ப்பக்க எச்சரிக்கை ஒன்றும் உண்டு. நாம் படித்தது பிரிட்டிஷ் எழுத்துமுறை. 'கலர்' என்பதில் யு இல்லாவிட்டால் நமக்குக் கை துறுதுறுக்கும். அது பிழை இல்லை, அமெரிக்க வழக்கு. அந்தப் பேட்ச் வேண்டவே வேண்டாம்.

அனுப்பும்போது தலைப்பு வரியில் எந்தப் பகுதி, என்ன திருத்தம் என்று மட்டும் எழுதுங்கள். 'முக்கியமான மேம்பாடு' என்றெல்லாம் போடாதீர்கள். ஒரு ஃபைலில் ஐந்து பிழை என்றால் ஒரே பேட்ச். ஐந்து பேட்ச்சாக உடைத்தால் எதற்காக உடைத்தீர்கள் என்பது எங்களுக்குத் தெரிந்துவிடும். வரியை மடிப்பது, இடைவெளி சரிசெய்வது போன்றவற்றை அதோடு கலக்காதீர்கள். கெர்னல் என்றால் அதை அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு என்று உறுதி சொல்லும் 'சைன்டு ஆஃப்' வரி கட்டாயம். அனுப்பிவிட்டு ஒரு வாரமாவது காத்திருங்கள். மறுநாள் காலையிலேயே "எனி அப்டேட் சார்?" வேண்டாம்.

படிக்கிறபோது இன்னொன்றும் கண்ணில் படும். எழுத்தெல்லாம் சரியாகவே இருக்கும், சொல்வது பொய்யாக இருக்கும். தவறு நேர்ந்தால் மைனஸ் ஒன்று திருப்பித் தருவேன் என்று கமெண்ட் சொல்லும். கீழே ஃபங்ஷன் வேறேதோ எண்ணைத் திருப்பித் தரும். மூன்று ஆர்க்யுமெண்ட்டுக்கு விளக்கம் இருக்கும், ஃபங்ஷனில் இரண்டுதான் இருக்கும். எப்போது மாறியது என்று 'கிட் லாக்' போட்டுப் பாருங்கள், மாற்றிய கமிட்டின் அடையாளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதை எழுத்துப்பிழைப் பேட்ச்சோடு சேர்க்காமல் தனியாக அனுப்புங்கள். இரண்டும் ஒரே நாளில் வந்தால் நான் இரண்டாவதைத்தான் முதலில் திறப்பேன்.

அன்புடன்,
உங்கள் பேட்ச்சுகளைப் படிக்கும் ஒருவர்